அந்நிய பாஷையும் அரைப்புள்ளியும்

அந்தப் போதகருக்குச் சபையார் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘மூணு பாயின்ட்’. எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தாலும் மூன்று தலைப்பு, ஒரு முடிவுரை, இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஆமென். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தியதில்லை. கை தட்டச் சொன்னதில்லை. அவர் பிரசங்கத்தில் யாரும் ஆவி நிறைந்து கீழே விழுந்ததில்லை. தூங்கி விழுந்தவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எதிர்த்தெருவில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து ஜெபவீடு ஒன்று தொடங்கியபோதுதான் வினை வந்தது. அங்கே ட்ரம்ஸ் உண்டு, வண்ண விளக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்நிய பாஷை உண்டு. அந்நிய பாஷை என்றால் வேற்று நாட்டு மொழி என்று நினைத்துவிடக் கூடாது. ஆவி இறங்கியவர் வாயிலிருந்து யாருக்கும் புரியாமல் கொட்டும் பேச்சு அது. இன்னொருவர் எழுந்து அதற்கு அர்த்தம் சொல்வார். பேசுவதும் ஒரு வரம், அர்த்தம் சொல்வதும் ஒரு வரம். மூணு பாயின்ட்டுக்கு இரண்டும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, காலி இடம் நடுக்கூடம் வரை வந்துவிட்டது.

சபைச் செயலாளர் சும்மா இருப்பாரா? பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ‘நமது போதகர் வரம் இல்லாதவர், ஆகவே மாற்றித் தருக’ என்று மேலிடத்துக்கு ஒரு மனு எழுதிவிட்டார். மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் பொதுக்கூட்டம். அன்று கைதூக்கித் தீர்மானம் நிறைவேறினால் போதகர் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவர் மனைவிக்கு ஐந்து வருஷம் அலைந்து அந்த வருஷம்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகியிருந்தது. மாற்றல் என்றால் அந்த வேலையும் போயிற்று.

இப்படித் தலைக்கு மேல் கத்தி தொங்கும் நேரத்தில் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சபை அறையில் அவர் வைத்திருந்த சொந்தக் கம்ப்யூட்டரில் எல்லா மென்பொருளும் பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகள். கடைக்காரர் கைராசிக்காரர், ஒரே குறுந்தகட்டில் ஊருக்கே போட்டுக் கொடுத்தவர். அது பல வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு ஞாயிறு, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை என்ற தலைப்பின் இரண்டாவது பாயின்ட்டில் போதகர் நின்றபோது, ‘இது அசல் பிரதி அல்ல’ என்று, பாட்டு வரிகளைக் காட்டும் புரொஜெக்டர் வழியாக அவர் தலைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் வந்து நின்றது. சபையில் பாதிப் பேர் அதையும் பிரசங்கத்தின் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். போதகருக்கு மட்டும் காது மடல் சிவந்துவிட்டது. மறுநாளே அசல் விலை என்ன என்று விசாரித்தார். விசாரித்ததோடு சரி.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போனபோது, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஒரு மென்பொருள்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

“இதுல எல்லாம் இருக்கு பாஸ்டர். சுத்தமான சரக்கு.”

“இதுக்கு யாருங்க முதலாளி?”

“முதலாளின்னு யாரும் இல்ல. உலகம் பூரா இருக்கற ஆளுங்க எழுதிப் பொதுவுல வைக்கறாங்க. எடுத்துக்கலாம், மாத்தலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம்.”

“சம்பளம்?”

“முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது.”

“அவங்களுக்குள்ள சண்டை வராதா?”

“அது இல்லாமயா? ஒரு பட்டன் இந்தப் பக்கம் இருக்கணுமா அந்தப் பக்கம் இருக்கணுமான்னு சண்டை போட்டுக்கிட்டு, பிரிஞ்சு போய்த் தனியா ஒண்ணு ஆரம்பிச்சிடுவாங்க. இப்ப நூத்துக்கணக்குல இருக்கு. எல்லாத்துக்கும் மூலம் ஒண்ணுதான். ஆனா அவங்கவங்களோடதுதான் சரின்னு சொல்லுவாங்க.”

போதகருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பிறந்து வளர்ந்த திருச்சபையைப் பற்றி யாரோ பேசுவது போல இருந்தது.

அன்றே பழையதை அழித்துவிட்டு அந்தப் பென்டிரைவில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டார். செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. “சும்மா வர்றது எதுவும் உருப்படாது பாஸ்டர்” என்றார். இரட்சிப்பு இலவசம் என்று வாரந்தோறும் முன்வரிசையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டவர் அவர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று போதகர் மெல்லக் கேட்டார். மாடு பால் கறக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று செயலாளர் போய்விட்டார்.

மாடு உடனே கறக்கவில்லை. பிரின்டர் மூன்று வாரம் மௌன விரதம் இருந்தது. பாட்டு வரிகள் சுவரில் பாதி வெட்டுப்பட்டு வந்தன. இணையத்தில் இருந்த ஒரு உதவிக் குழுவில் போதகர் சந்தேகம் கேட்டு எழுத, முகம் தெரியாத நாலு பேர் நாலு வழி சொல்லிவிட்டு, தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்.

“பிரின்டர் வேலை செய்யுதா?” என்று மனைவி கேட்டாள்.

“இல்ல. மனசாட்சி வேலை செய்யுது.”

“அப்ப என் கேள்வித்தாளை மனசாட்சியிலேயே அடிச்சுக் குடுங்க” என்றாள் அவள்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய இடி பிறகு விழுந்தது. பதினேழு வருஷப் பிரசங்கங்கள், எண்ணூறுக்கு மேல், கம்ப்யூட்டரில் கிடந்தன. ஒன்றைத் திறந்தார். தமிழே இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி. பழைய தமிழ் எழுத்துரு செய்த கூத்து அது. அந்த எழுத்துருவில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் ஒரு தமிழ் எழுத்தின் வேஷம் போட்டிருந்தது. எஃப் என்பது ‘க’. ஜே என்பது ‘த’. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை வேஷம் தெரியவில்லை. அந்த எழுத்துருவும் திருட்டுக் குறுந்தகட்டோடு வந்ததுதான் என்று போதகர் அதை விட்டுவிட்டு வந்திருந்தார். இப்போது வேஷம் கலைந்து எல்லாம் அம்மணமாக நின்றன.

இதை நல்ல தமிழாக மாற்றித் தரும் இலவச நிரல் ஒன்று கிடைத்தது. ஆனால் அது இவருடைய எழுத்துருவில் பாதி எழுத்தைத் தடம் மாற்றியது. அதை எழுதியவருக்குக் கடிதம் போட்டார். ‘எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள், சரி செய்து தருகிறேன்’ என்று பதில் வந்தது. போதகர் பட்டியல் போட உட்கார்ந்தார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்து கண்ணை மூடியிருந்தார்கள். பக்கத்துச் சிறு அறையில் போதகர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ‘எக்கோ’ அப்போதுதான் ஒரு புதுக் காலர் மைக்கைக் கொண்டுவந்து, சோதித்துப் பார்க்க அவர் சட்டையில் குத்திவிட்டுக் கூடத்துக்குப் போயிருந்தார். அங்கே அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. எக்கோ என்று பெயர் வாங்கியவர் எக்கோவைக் குறைத்து வைப்பாரா? ஒலிப்பெட்டி முழு எதிரொலியோடு திறந்து கிடந்தது. சட்டையில் மைக் இருப்பதைப் போதகர் மறந்தே போனார்.

கண்ணால் மட்டும் பார்த்தால் அவருக்கு எழுத்து பிடிபடவில்லை. வாய்விட்டு வாசித்தால் ஏதோ ஒரு கணத்தில் பளிச்சென்று தமிழாகிவிடும். இருபது வருஷமாக வாயால் பிழைத்தவர், வாயைத்தான் நம்பினார்.

“ஃபூயிக்… ஃபூயிக்… ஃபூயிக்…” கூடத்தில் பதினான்கு பேரும் கண்ணைத் திறந்தார்கள். “ஆ! கிருபை! கிருபையேதான்!” மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. அது இடியாக எதிரொலித்தது.

“ர்பியிட்… ர்பியிட்… சிலுவை! சிலுவை ஐயா சிலுவை!”

ஒருத்தி முழங்காலில் விழுந்தாள். இன்னொருத்தி விசும்பினாள். உள்ளே போதகர் அடுத்த வரிக்குப் போனார். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது.

“க்டுக் ஜ்பூக்ப் டூஃப்வாட்… க்டுக் ஜ்பூக்ப் டூஃப்வாட்…” மூன்றாம் முறை குரல் நடுங்கியது. எவ்வளவு நேரம்தான் ஒரு வரியோடு மல்லுக்கட்டுவது? திடீரென்று கத்தினார். “மகன்! மகன் திரும்பி வருகிறான்! அப்பாடா, வந்துட்டான்!”

கூடத்தில் எல்லாப் பார்வையும் ஒரே ஆளிடம் போயிற்று. செயலாளரின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் செயலாளர் தன் ஒரே மகனுக்குப் பிடித்துக் கொடுத்த அலுவலக வேலையை அவன் உதறிவிட்டு, மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தான். இந்த வாசலை இனி மிதிக்காதே என்றார் அப்பா. அவன் வேறு ஊருக்குப் போனான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பேரைச் சொல்லக் கூடாது, போன் போடக் கூடாது என்று சட்டம். நின்றவள் நின்றபடியே ஒரு கணம் யோசித்தாள். பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் செய்தி. மூணு பாயின்ட்டுக்கு அந்நிய பாஷை வந்துவிட்டது. பேசிய வாயே அர்த்தமும் சொன்னது. எதிர்த்தெருவில்கூடப் பேச ஒருவர், அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும். இங்கே ஒரே ஆளிடம் இரண்டு வரம்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சு வரை ஆட்கள். போதகருக்கு விஷயம் அன்றுதான் தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் ஓடினார்.

“அது ஆவி இல்லைங்க. பழைய எழுத்துரு. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தா மாறிப் போச்சு, அதை வாசிச்சேன்.”

செயலாளர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தாழ்மை பாஸ்டர், தாழ்மை! வரம் கிடைச்சவங்க இப்படித்தான் மறைப்பாங்களாம்.” சட்டைப் பையில் இருந்த மனுவை எடுத்து, அவர் கண் முன்னாலேயே நாலாக மடித்து உள்பைக்குள் தள்ளினார். பதிவு அலுவலர் எதையும் கிழிப்பதில்லை.

மறுக்க மறுக்க வரம் வளர்ந்தது. போதகர் எழுத்துரு என்று சொன்னால் அதற்கு ஆவிக்குரிய அர்த்தம் என்ன என்று கேட்டார்கள். புதன்கிழமை வாசலில் செயலாளரின் மனைவி நின்றாள்.

“அவனுக்கு போன் பண்ணிட்டேன் பாஸ்டர். அவங்க அப்பா பக்கத்துலயே நின்னாரு, ஒண்ணும் சொல்லல. சனிக்கிழமை வர்றேன்னான்.”

போதகர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

“உண்மையைச் சொல்லத்தான் வேணும்” என்றாள் அவர் மனைவி. “ஆனா பொதுக்கூட்டம் முடிஞ்சப்புறம் சொல்லுங்க. கடவுளுக்கு ஒரு வாரம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க.”

“திருட்டு மென்பொருள் வேணாம்னு விட்டுட்டு வந்தவன் திருட்டு அற்புதத்தை எப்படி வச்சுக்கறது?”

“அதை வச்சா பாடம் நடத்தறாங்க? அஞ்சு வருஷம் அலைஞ்சேங்க.” பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “சொல்லுங்க போங்க. சொல்லாம விட்டா நீங்க சாப்பிட மாட்டீங்க. அதையும் நான்தான் பாக்கணும்” என்றாள்.

கடைசி ஞாயிறு காலை, நிரம்பி வழிந்த கூடத்தில் போதகர் பிரசங்கத்துக்குப் பதிலாகத் தன் பழைய கோப்பைச் சுவரில் காட்டினார். எஃப் என்றால் க, கே என்றால் ம என்று பலகையில் எழுதிப் போட்டார். ஃபூயிக் எப்படிக் கிருபை ஆகிறது என்று ஒவ்வொரு எழுத்தாக விளக்கினார். அதிலும் மூன்று பாயின்ட் இருந்தது. ‘நான் பேசியது எந்த வரமும் இல்லை. உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் ஒன்பது நாள் ஏமாற விட்டேன், மன்னியுங்கள்’ என்று முடித்தார். இருபத்தைந்தாவது நிமிடம். ஆமென் சொல்ல யாரும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் பொதுக்கூட்டத்தில் செயலாளர் மனுவை எடுத்தார். கோபமாக இருப்பார் என்று போதகர் நினைத்தார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

“நாலு வருஷமா நான் பேசாத பையன் நேத்து என் வீட்டுல சாப்பிட்டான். என் தட்டுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டான். அதை நடத்தினவர் யாரு? இவரு என்னடான்னா அரைப்புள்ளிங்கறாரு. என் வீட்டுல நடந்ததைப் பொய்யின்னு சொல்ல இவரு யாரு?”

மனுவில் ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தார். ‘வரம் இல்லாதவர்’ என்பதை அடித்துவிட்டு, ‘கிடைத்த வரத்தை மறுதலித்தவர்’ என்று மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தார். நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. எதிராகப் பதினெட்டு. செயலாளரின் மனைவி இரண்டு பக்கமும் கை தூக்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, கிடைக்காத வரத்தை இல்லை என்று சொன்ன குற்றத்துக்காக மூணு பாயின்ட் மாற்றலானார்.

மூன்று வாரம் கழித்து, வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே போதகர் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது செயலாளரின் மனைவி தனியாக வந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“பாஸ்டர், நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி நான் பத்து வருஷம் அச்சகத்துல டைப் பண்ணினவ. கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு, எல்லாம் அதே எழுத்துருதான். அன்னைக்கு நீங்க ஃபூயிக்னு சொன்னப்பவே என் விரல் தானா ஆடிச்சு.”

போதகர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். “அப்ப உங்களுக்கு அன்னைக்கே…”

“தெரியும். மைக் ஆன்ல இருக்குன்னு உள்ள வந்து சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள்ள மகன்னு கத்துனீங்க. உக்காந்துட்டேன்.” அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். “நாலு வருஷமா நான் அழுதா கேக்காத மனுஷன். கடவுள் சொன்னா கேப்பாரு இல்ல? பதிமூணு பேர் என் வீட்டுக்கே வந்து அவர்கிட்ட சொன்னாங்க. நான் வாயே திறக்கல.”

போதகர் கீழே கிடந்த கயிற்றை எடுத்து விரலில் சுற்றினார்.

“கூட்டத்துல நான் எழுந்து சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீங்க இருந்திருப்பீங்க. அவன் இருந்திருக்க மாட்டான். மன்னிச்சிடுங்க பாஸ்டர். உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லுங்க, அவங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம்.”

“பையன் எப்படி இருக்கான்?”

“இருக்கான். அப்பா வண்டியைப் பிரிச்சுப் போட்டுத் துடைச்சுக்கிட்டிருக்கான். அவரு பக்கத்துல நின்னு குறை சொல்லிக்கிட்டிருக்காரு.” முதல் முறையாகச் சிரித்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். “இன்னொண்ணு. நீங்க அதைத் தப்பா வாசிச்சீங்க. அன்னைக்குக் காதுலயே பட்டுச்சு. அப்புறம் சுவத்துல போட்டப்பவும் பாத்தேன். கே, டி, கே, அரைப்புள்ளி. அது மகன் இல்ல பாஸ்டர். மனம்.”

அவள் போன பிறகு போதகர் கட்டிய பெட்டி ஒன்றைப் பிரித்துக் கம்ப்யூட்டரை வெளியே எடுத்தார். அவர் அனுப்பிய பட்டியலை வைத்து, முகம் தெரியாத அந்த மனிதர் நிரலைத் திருத்தி அனுப்பியிருந்தார். பழைய பிரசங்கத்தை அதில் போட்டார். ஒரு நொடியில் சுத்தமான தமிழ் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதிய வரி. ‘மனம் திரும்பி வருகிறான்.’

பட்டியலை எடுத்துப் பார்த்தார். கே-க்கு நேரே ம, டி-க்கு நேரே ன என்று அவர் கையெழுத்தில் சரியாகத்தான் இருந்தது. எல்லா எழுத்தும் தெரிந்தும், வாய் மட்டும் எப்படி மாறியது என்று யோசித்தார். அவசரமாக இருக்கும். அவசரம்தான்.

“வண்டி வர்ற நேரத்துல அதை ஏன் எடுத்தீங்க?” என்றாள் மனைவி, பாத்திரப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே.

“அன்னைக்கு ஒரு சொல்லைத் தப்பா வாசிச்சிருக்கேன்.”

“ஐயோ, இனிமே அதையும் போய்ச் சபையில சொல்லப் போறீங்களா?”

போதகர் திரையை அணைத்தார். “இல்ல” என்றார். “இது இருக்கட்டும்.”